சான் டெனி வீதியில் வளர்ந்த நகரம்

பரிஸில் சாமான் இறக்கும் வேலைக்குப் புதிதாக வருகிற பெடியளுக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது சென் நதி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். அது பிடிபட்டுவிட்டால் கதவிலக்கம் தேடி அலையத் தேவையில்லை. நதியை விட்டு விலகிப் போகிற வீதி என்றால் இலக்கம் நதிப்பக்கம் 1 இல் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். நதியோடு சேர்ந்து போகிற வீதி என்றால் தண்ணீர் ஓடுகிற திசையிலேயே இலக்கமும் ஓடும். இலக்கம் ஏறுகிற திசையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் ஒற்றை, வலது கைப்பக்கம் இரட்டை. 1805 இல் நெப்போலியன் காலத்தில் போட்ட ஒழுங்கு இது. இன்றைக்கும் என் வான் அதன்படிதான் ஓடுகிறது.

எங்கள் ஆக்களுக்குத் தெரிந்த வீதியை வைத்தே சொல்கிறேன். லா சப்பலில் தமிழ்க்கடைகள் இருக்கிற ஃபோபூர் சான் டெனி வீதியில் கடைகளின் இலக்கம் ஏன் 180, 200 என்று இவ்வளவு பெரிதாக இருக்கிறது? அந்த வீதி நதியில் இருந்து தொலைவில் உள்ள தன் வடக்கு முனையை நெருங்கிவிட்டது. இலக்கம் குறைகிற பக்கமாக நடந்தால் நதிக்கு வந்துவிடலாம். அப்படி ஒருநாள் நடந்துபார்த்த பிறகுதான் இந்த நகரம் எப்படி வளர்ந்தது என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது. அன்றில் இருந்து இந்த ஒரு வீதியைப் பற்றி யாராவது கேட்டால் நான் விடமாட்டேன்.

முதலில் அளவைச் சொல்லவேண்டும். ஊரில் இருந்து கதைக்கிறவர்களுக்கு நாங்கள் எல்லோரும் 'பரிஸில்' இருக்கிறோம். ஆனால் பரிஸ் நகரசபையின் எல்லைக்குள் இருப்பது 105 சதுர கிலோமீற்றர்தான். அதிலும் மேற்கே புலோன் காடு, கிழக்கே வன்சென் காடு இரண்டையும் கழித்தால் ஏறத்தாழ 87. அதற்குள் 21 இலட்சம் சனம். நான் இருப்பது லா கூர்னெவில். அது வேறு நகரசபை, வேறு மாவட்டம், வேறு மேயர். மெற்றோ 7 இல் ஏறினால் பரிஸ் கொஞ்ச நேரம்தான், ஆனாலும் கடிதத்தில் மாவட்ட இலக்கம் 75 என்று எழுத முடியாது, 93 என்றுதான் எழுதவேண்டும். இந்தக் கோடு ஏன் இங்கே விழுந்தது? அதற்கு நதிக்கரையில் இருந்து வரவேண்டும்.

சத்தலேயில் நதிக்குப் பக்கத்தில் நின்றால் எதிரே சித்தே தீவு. ரோமர் காலத்து நகரம் அந்தத் தீவிலும் தெற்குக் கரையின் மேட்டிலும்தான் பெரும்பாலும் இருந்தது. வடக்குக் கரை தாழ்வு, ஈரம். சென் நதியின் பழைய கிளை ஒன்று மிக முற்காலத்தில் அந்தப் பக்கமாக பெல்வில், மொன்மார்த் மேடுகளின் அடிவாரத்தைச் சுற்றி ஓடியது. 1910 ஜனவரி வெள்ளத்தில் நதியில் இருந்து அவ்வளவு தள்ளி இருக்கிற சான் லசார் ரயில் நிலையத்தைச் சுற்றித் தண்ணீர் நின்ற படங்கள் இருக்கின்றன. அந்தப் பள்ளத்தை வீடுகள் மூடிவிட்டன, தண்ணீர் மறக்கவில்லை.

வடக்கே அந்த இரண்டு மேடுகளும் ஏறத்தாழ 130 மீற்றர் உயரம். இரண்டும் ஜிப்சம் மண். உலகம் முழுக்க 'பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்' என்று விற்ற சாந்து அங்கே தோண்டியதுதான். இரண்டுக்கும் நடுவே ஒரு தாழ்ந்த கணவாய் இருக்கிறது. வடக்கே போகிற எவரும் அதற்குள்ளால்தான் போகவேண்டும். அந்தக் கணவாய்தான் லா சப்பல்! சான் டெனிக்குப் போகிற பழைய வீதி அதற்குள்ளால் போனது. இறந்த அரசர்களின் ஊர்வலம் சான் டெனிப் பேராலயத்துக்கு அதற்குள்ளால் போனது. 1429 செப்டெம்பரில் பரிஸைத் தாக்கமுன் ஜான் தார்க் (ஜோன் ஒஃப் ஆர்க்) வந்து பிரார்த்தித்த கோவில் இன்றும் லா சப்பல் வீதியில் இருக்கிறது. பேந்து ரயில் வந்தபோது கார் து நோர், கார் து லெஸ்ற் என்ற இரண்டு ரயில் நிலையங்களின் தண்டவாளங்களும் அதே இடைவெளியைத்தான் பிடித்தன. எங்கள் கடைகள் அங்கே வந்ததற்குக் கார் து நோர் பக்கத்தில் இருந்தது ஒரு காரணம் என்றால், கார் து நோர் அங்கே இருந்ததற்கு அந்த இரண்டு மேடுகள் காரணம்.

இப்போது சத்தலேயில் இருந்து சான் டெனி வீதியால் வடக்கே நடக்கலாம். இடது கைப்பக்கம் லே ஆல். இன்றைக்கு அது நிலத்துக்குக் கீழே கடைத்தொகுதியும் ரயில் நிலையமும். 1969 வரைக்கும் பரிஸின் மொத்தச் சந்தை அங்கேதான் இருந்தது. நகரம் நிரம்பி லொறிகள் நகரமுடியாமல் போகவே சந்தையை நகர எல்லைக்கு 7 கிலோமீற்றர் தெற்கே ரஞ்சிசுக்கு மாற்றினார்கள். விடியமுன் நான் முருங்கைக்காயும் மரவள்ளியும் ஏற்றப் போகிற ரஞ்சிஸ் அதுதான். அங்கே ஏற்றி, நகரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, அந்தப் பழைய சந்தையின் வடக்கே இரண்டு கிலோமீற்றரில் இறக்குகிறேன். சந்தை வெளியே போனதால்தான் எனக்கு வேலை.

கொஞ்சத் தூரத்தில் எத்தியன் மார்சல் வீதி குறுக்கே வருகிறது. ஏறத்தாழ அந்த இடத்தில்தான் பிலிப் ஒகுஸ்ற் அரசர் 1190 இல் தொடங்கிய மதில் நின்றது. அதே வீதியில் ஜான் சான் பெர் கோபுரத்தின் அடியில் அந்த மதிலின் துண்டு இன்னும் இருக்கிறது. அதற்குமேல் வடக்கே நடந்தால் போர்ட் சான் டெனி வளைவு. இங்கே 14 ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் சார்ள்ஸ் கட்டிய மதில் இருந்தது. பதினான்காம் லூயி தன் எதிரிகளை எல்லையிலேயே தடுத்துவிட்டேன் என்ற நம்பிக்கையில் 1670 களில் மதிலை இடித்து, அந்த இடத்தில் மரம் நட்ட அகலமான பூல்வார்களைப் போட்டார். 1672 இல் கட்டிய வளைவு வெற்றிக்கு அடையாளம், காவலுக்கு இல்லை. மதிலே இல்லாத தலைநகரமாக நூறு வருசத்துக்குமேல் பரிஸ் இருந்தது. இந்த நகரத்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த காலம் அது.

வளைவைத் தாண்டியதும் வீதியின் பெயர் மாறுகிறது. இலக்கம் மறுபடி 1 இல் இருந்து தொடங்குகிறது. அதுதான் ஃபோபூர் சான் டெனி. துருக்கிக் கடைகள், முடிவெட்டுகிற கடைகள், கார் து லெஸ்ற், கார் து நோர் எல்லாம் தாண்டி எங்கள் கடைகள். காய், பெர்டோனே, பிலிப் து ஜிரார் வீதிகள். காலையில் வானை நிற்பாட்டிப் பெட்டிகளை இறக்கும்போது கறிவேப்பிலை வாசமும் பக்கத்துக் கடையின் ரோல்ஸ் பொரிகிற வாசமும் சேர்ந்து வரும். சுவரில் நீல எனாமல் பலகை, பச்சைக் கரை, மேலே சின்னதாக '10 ஆம் வட்டாரம்'. வீதி பிளாஸ் து லா சப்பலில் முடிகிறது. குறுக்கே தலைக்கு மேலே இரும்புத் தூண்களில் மெற்றோ 2 ஓடுகிறது. வீதியைக் கடந்தால் பலகையில் 18 ஆம் வட்டாரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மெற்றோ நிலத்துக்குக் கீழே ஓடவேண்டியது, இங்கே ஏன் மேலே ஓடுகிறது, அதற்குக் கீழே வீதி ஏன் இவ்வளவு அகலம்? கீழே போவதற்குக் கார் து நோரின் ரயில் பள்ளமும் கால்வாயும் தடை. அகலம் வந்தது மதிலால். 1784 இல் கட்டத் தொடங்கிய மதில், 24 கிலோமீற்றர் சுற்றளவு, மூன்று மீற்றருக்கு மேல் உயரம். எதிரிக்காகக் கட்டியது இல்லை. நகரத்துக்குள் வருகிற வைன், இறைச்சி, விறகு, வைக்கோல் எல்லாவற்றுக்கும் வரி எடுக்க, வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த பணக்காரர்கள் கேட்டுக் கட்டிய மதில். உள்ளே ஒரு பாதை, வெளியே ஒரு பூல்வார். மதிலை இடித்தபோது இரண்டும் சேர்ந்து ஒன்றாகி இவ்வளவு இடம் கிடைத்தது. 1903 இல் அந்த இடத்தில்தான் மெற்றோ 2 இன் மேம்பாலத்தைத் திறந்தார்கள். பார்பெஸ், லா சப்பல், ஸ்டாலின்கிராட், ஜோரெஸ் நான்கு நிலையங்களும் பழைய வரிமதிலின் மேல் நிற்கின்றன. ஸ்டாலின்கிராட்டில் இறங்கினால் எதிரே வட்டக் கட்டடம் ஒன்று தெரியும். கட்டடக்கலைஞர் லெடு அந்த மதிலுக்காகக் கட்டிய வரிச்சாவடி அது. சனம் அந்தச் சாவடிகளை எவ்வளவு வெறுத்தது என்றால், பஸ்தில் சிறை விழுமுன்னமே, 1789 ஜூலை 12, 13 இல் பல சாவடிகளுக்குத் தீவைத்துவிட்டார்கள். சரக்கு ஏற்றி இறக்குகிறவன் என்ற முறையில் அந்தக் கோபம் எனக்கு நன்றாக விளங்கும். ஒரே பெட்டி மதிலுக்கு வெளியே ஒரு விலை, உள்ளே இன்னொரு விலை.

வரி இல்லாததால் வெளியே வைன் மலிவு. குடிக்கவும் ஆடவும் சனம் வெளியே போனது. வாடகையும் மலிவு. தொழிற்சாலைகளும் தொழிலாளிகளும் அங்கே சேர்ந்தார்கள். லா சப்பல், லா வில்லெட், பெல்வில், மொன்மார்த் எல்லாம் அப்போது தனித்தனி ஊர்கள், தனித்தனி மேயர்கள். லா சப்பலில் ரயில்வே வேலைத்தளங்கள் வந்தன.

எங்கள் மாணிக்க விநாயகர் கோவில் அந்தப் பழைய ஊருக்குள், பஜோல் வீதியில் இருக்கிறது. கோடை முடிகிற நேரத்தில் தேர் 18 ஆம் வட்டாரத்தில் புறப்பட்டு 10 ஆம் வட்டாரத்துக்குள் வந்து திரும்பும். வீதியில் சிதறு தேங்காய் உடைகிற இடங்களில் ஒன்று அந்த வரிமதில் நின்ற கோட்டுக்கு மிகப் பக்கம். தேரோடு நடக்கிற ஆயிரக்கணக்கான சனத்தில் யாரும் எல்லை ஒன்றைக் கடப்பதாக உணர்வதில்லை. 1860 க்குப் பிறகு அங்கே எல்லையே இல்லை.

1860 ஜனவரி 1. மூன்றாம் நெப்போலியன் ஆட்சி, ஓஸ்மன் நிர்வாகி. 1840 களில் தியர் என்ற அரசியல்வாதியின் முயற்சியால் வெளியே இன்னொரு மதில் எழும்பியிருந்தது. இது உண்மையான கோட்டைமதில், அகழியோடு, ஏறத்தாழ 34 கிலோமீற்றர். இரண்டு மதிலுக்கும் நடுவே ஊர்கள் சிக்கிக்கொண்டன. அந்த நாளில் உள்மதிலை நீக்கி, இந்த ஊர்களைப் பரிஸோடு சேர்த்துவிட்டார்கள். நகரத்தின் பரப்பு ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. 12 வட்டாரங்கள் 20 ஆனது. லா சப்பல் ஊரைக் கோட்டைமதில் குறுக்கே வெட்டியது. உள்ளே இருந்த பாகம் பரிஸுக்கு, வெளியே இருந்த துண்டுகள் சான் துவான், சான் டெனி, ஓபர்வில்லியே மூன்றுக்கும். ஒரு ஊர் இப்படிப் பங்குபோனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடம்தான். அந்த ஊர்ச்சனத்திடம் யாரும் வாக்கெடுக்கவில்லை.

வட்டார இலக்கங்கள் நத்தை ஓடுபோல நடுவில் இருந்து சுற்றிச் சுற்றி வெளியே போவது பலருக்குத் தெரியும். முதலில் போட்ட திட்டத்தில் பஸி என்ற பணக்கார ஊருக்கு 13 விழுந்ததாம், அவர்கள் எதிர்த்ததால்தான் சுற்றி எண்ணுகிற முறை வந்தது என்று சொல்வார்கள். பஸிக்கு 16 கிடைத்தது. லா சப்பலுக்கு எந்த இலக்கம் வேண்டும் என்று யாரும் கேட்டதாகக் கேள்விப்படவில்லை.

மறுபடி நடக்கலாம். பிளாஸ் து லா சப்பலுக்கு வடக்கே அதே வீதிக்கு மார்க்ஸ் டோர்முவா என்று பெயர், பிறகு லா சப்பல் வீதி, பிறகு போர்ட் து லா சப்பல். 'போர்ட்' என்றால் வாசல், ஆனால் இங்கே வாசல் ஒன்றும் இல்லை. தியரின் மதிலை முதலாம் உலகப்போர் முடிந்ததும் 1919 இல் இடிக்கத் தொடங்கினார்கள். மதிலுக்கு வெளியே சுட இடம் வேண்டும் என்று 250 மீற்றருக்கு வீடு கட்டத் தடை இருந்தது. தடை இருந்த இடத்தில் ஏழைச்சனம் பலகையாலும் தகரத்தாலும் குடிசை போட்டு வாழ்ந்தது. மதில் போன இடத்தில் செங்கல் மாடிவீடுகள் வந்தன. குடிசைகள் நின்ற வளையத்தில் விளையாட்டு மைதானங்களும், கடைசியாக பெரிஃபெரிக் என்ற சுற்றுவீதியும். 1973 ஏப்ரலில் முழு வட்டமும் திறந்தது, 35 கிலோமீற்றர்.

பெரிஃபெரிக்கைத் தினமும் ஓடுகிறவனுக்குத்தான் அதன் குணம் தெரியும். பார்த்தால் நெடுஞ்சாலை, சட்டப்படி அது நகரத்தின் ஒரு பூல்வார். ஆகவே வலதுபக்கத்தில் இருந்து உள்ளே நுழைகிறவனுக்குத்தான் முன்னுரிமை, ஏற்கெனவே ஓடுகிறவன் இடம் விடவேண்டும். வேறு ஊரில் ஓட்டிப் பழகி வருகிறவர்கள் இங்கே முதல் நாள் நடுங்குவார்கள். போர்ட் து லா சப்பலில் ஏ1 நெடுஞ்சாலை வந்து இதோடு முட்டுகிறது. நடந்து கடக்கிறவர்களுக்கு அந்த இடம் மிக மோசம். பாலத்துக்குக் கீழே இருட்டு, புகை, இரைச்சல். 2024 ஒலிம்பிக்கில் பூப்பந்து நடந்த பெரிய அரங்கு அதற்குப் பக்கத்திலேயே பளபளவென்று நிற்கிறது. பாலத்தைத் தாண்டினால் வீதிக்கு வில்சன் அவெனியூ என்று பெயர். சுவரில் பரிஸின் நீலப் பலகை இல்லை, வேறு நகரசபையின் பலகை. அதே வீதிதான், நேரே போனால் சான் டெனிப் பேராலயம்.

ஒவ்வொரு மதிலும் இடிந்தபோது நகரம் அதைத் தாண்டிப் போனது. கடைசி மதிலில் மட்டும் எல்லை அப்படியே நின்றுவிட்டது. அந்த வளையத்தையும் இரண்டு காடுகளையும் 1920 களில் சேர்த்துக்கொண்டதோடு பரிஸ் தன் எல்லையை நிறுத்திக்கொண்டது. 1921 இல் அதற்குள் 29 இலட்சம் சனம் இருந்தது, இன்றைக்கு அதைவிட 8 இலட்சம் குறைவு. சனம் எங்கே போனது? வெளியேதான். மெற்றோ கூட 1900 இல் தொடங்கி 34 வருசம் எல்லையைத் தாண்டவில்லை. 1968 இல் பழைய சென் மாவட்டத்தை உடைத்துப் பரிஸைத் தனி மாவட்டமாக்கி, சுற்றிவர 92, 93, 94 என்று பிரித்தார்கள்.

ஆனால் தனக்குத் தேவையானதை வெளியே வைக்கப் பரிஸ் ஒருபோதும் தயங்கவில்லை. பரிஸ் நகரசபையின் பெரிய மயானங்கள் பன்தன், பன்யு, தியே என்ற புறநகர்களில் இருக்கின்றன. பன்தன் மயானம் 1886 இல் இருந்து. குப்பை எரிக்கிற நிலையங்கள் சான் துவானிலும் இவ்றியிலும். எங்கள் லா கூர்னெவில் '4000' என்று சொல்கிற பெரிய குடியிருப்பு இருக்கிறதே, 1960 களில் அதைக் கட்டியது லா கூர்னெவ் இல்லை. பரிஸ் நகரசபையின் வீடமைப்புப் பிரிவு தன் சனத்துக்கு உள்ளே இடமில்லாமல் இங்கே கொண்டுவந்து கட்டியது. 1984 இல்தான் அதைப் பராமரிக்கிற பொறுப்பு லா கூர்னெவ் கைக்கு வந்தது. அதற்குள் கட்டடங்கள் பழுதாகிவிட்டன. 1986 இல் டெபுசி என்ற நீளக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து முதலில் குடியிருந்ததும் அந்த 4000 இல் ஒரு மாடியில்தான். பரிஸ் கட்டிய வீட்டில், பரிஸுக்கு வேலைக்குப் போய்க்கொண்டு, பரிஸ்காரன் இல்லாமல் இருந்தேன். என் பிள்ளைகளும் அதே நிலையில்தான் வளர்ந்தார்கள். இதை நான் சும்மா கடந்துபோக முடியாது.

மாற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2015 இல் மாதாந்த நவிகோ பயண அட்டைக்கு வலயம் பார்க்காமல் ஒரே விலை வந்தது. 2025 ஜனவரியில் இருந்து தனி ரிக்கெற்றும் அப்படியே, மெற்றோ, ரயிலுக்கு எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே விலை (2025 இல் 2.50 ஒய்ரோ), விமான நிலையங்களுக்கு மட்டும் வேறு விலை. மெற்றோ 14 இப்போது சான் டெனி வரைக்கும் வருகிறது. சுற்றிவர 200 கிலோமீற்றருக்குப் புதிய பாதைகள் கட்டுகிறார்கள். 2016 இல் பரிஸையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து 131 நகரசபைகளோடு பெரும்பரிஸ் மாநகரம் என்று ஒரு சபையும் அமைத்தார்கள். ஆனால் அந்தச் சபையில் இருப்பவர்கள் ஒவ்வொரு நகரசபையில் இருந்தும் போகிறவர்கள். அதன் தலைவரைத் தெரிவுசெய்ய எங்களிடம் யாரும் வாக்குக் கேட்டு வருவதில்லை.

2024 ஒக்ரோபரில் பெரிஃபெரிக்கில் வேகத்தை 70 இல் இருந்து 50 ஆகக் குறைத்தார்கள். வீதிக்கரையில் யன்னலைத் திறக்கமுடியாமல் இருக்கிற சனத்தை எனக்குத் தெரியும், ஆகவே அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். முடிவெடுத்தது பரிஸ் நகரசபை. அந்த வீதியில் விடியப்புறம் ஓடுகிற வான்காரர், துப்புரவுக்குப் போகிற பெண்கள், சமையல்காரர் பெரும்பாலானோர் எல்லைக்கு வெளியே வாக்குப்போடுகிறவர்கள். 1860 இல் லா சப்பல்காரரைக் கேட்காமல் சேர்த்தார்கள், இப்போது எங்களைக் கேட்காமல் வெளியே வைத்திருக்கிறார்கள். அடுத்தமுறை லா கூர்னெவில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி வாக்குக் கேட்கிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், பெரும்பரிஸ் சபைக்கு நாங்கள் நேரடியாக வாக்குப்போட வழிசெய்வீர்களா என்றுதான் முதலில் கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள்.